ரெண்டு ஜாடி பழரசம்

இந்த வாரம் சமையல் குறிப்பு. மகளிர் பக்கத்துக்குப் போக வேண்டியது வழி தவறி இங்கே வந்துவிட்டதோ என்று அவசரப்பட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது ஆண்களே செய்து, ஆண்களே சாப்பிட்டு, ஆண்களே பாத்திரமும் கழுவி வைக்க வேண்டிய அயிட்டம். (கடைசி நிபந்தனை என் மனைவி போட்டது.)

அயிட்டத்தின் பெயர்: அன்னாசி விஸ்கி காக்டெயில்.

ஆரம்பத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழக்கம் இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்குச் சட்டப்படியே கிடையாது. ஆகவே அவர்கள் அன்னாசிப்பழம் வரை கூட வந்துவிட்டு, விஸ்கி ஸ்டாப்பிங் வந்ததும் இறங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் கடைசி வரை உட்காருங்கள். விஷயமே கடைசியில்தான் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் முன்பு திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் ஒரே அறையில் நாங்கள் ஐந்து பேர். கட்டில் மூன்று. மீதி ரெண்டு பேர் தரை. யார் கட்டில், யார் தரை என்பது மாசாமாசம் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவாகும். அந்த ஐவரில் ஒருவன் இன்று பாங்க். ஒருவன் ஆடிட்டர். ஒருவன் சிங்கப்பூர். ஒருவன் மெடிக்கல் ரெப். மீதி ஒருவன் பி.காம். முடித்துவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாமல் உங்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறான். பெயர்கள் வேண்டாமே, எல்லார் வீட்டிலும் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்!

சிங்கப்பூர் லீவில் வந்தபோது, "எல்லாரும் உன் வீட்ல சேரலாம்டா" என்று முடிவு செய்தான். என் வீட்டைப் பற்றி அவன் முடிவு செய்வது மேன்ஷன் காலத்துப் பழக்கம். கூடவே ஒரு பிரசங்கம்: "இன்னும் அதே சோடா, அதே மிக்ஸர், அதே வேர்க்கடலையா? உலகம் எங்கயோ போயிடுச்சு. பழம் போட்டு காக்டெயில் பண்ணுடா."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

என் மனைவி ஒப்புக்கொண்டது ஆச்சரியம். "வெளியில எங்கயாவது போய் உட்கார்ந்துட்டு வண்டியில வர்றதுக்கு, வீட்லயே இருந்து தொலைங்க" என்று சொல்லிவிட்டு, அன்று சாயந்திரம் குழந்தையோடு அம்பத்தூரில் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. இந்த வார்த்தைகளில் உள்ள அன்பை ஆராயாமல் அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தயாரிப்பில் இறங்குமுன் கொஞ்சம் சரித்திரம்.

1806-ல் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ஹட்ஸன் என்கிற ஊரிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்கு வாசகர் ஒருவர், 'காக்டெயில் என்றால் என்ன?' என்று எழுதிக் கேட்டிருக்கிறார். ஆசிரியர் சளைக்காமல் பதில் போட்டார்: மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு, இந்த நாலும் சேர்ந்தது. ஆக, கேள்வி-பதில் பகுதியில் ஏடாகூடமாகக் கேட்கும் வாசகர்கள் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள். 1862-ல் ஜெர்ரி தாமஸ் என்ற பார்டெண்டர் இந்தக் கலவைகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். 'சவர்' என்கிற ஜாதி அவர் காலத்திலேயே உண்டு. மது, எலுமிச்சை, சர்க்கரை, அவ்வளவுதான். விஸ்கி போட்டால் விஸ்கி சவர்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. 'பஞ்ச்' என்கிறார்களே, அந்தச் சொல்லே 'பாஞ்ச்' என்ற நம் நாட்டு ஐந்திலிருந்து போனது என்று பல அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து சரக்கு. மேன்ஷன் அறையில் இருந்த நாங்கள் ஐந்து பேரையும் ஒரு ஜாடியில் போட்டது மாதிரி.

இனி சமையல்.

ஒரு சனிக்கிழமை முன்னதாகவே ஒத்திகை பார்த்தேன். எங்கள் பி.காம். பாஷையில் ட்ரையல் பேலன்ஸ். அது டேலி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை வரிசையாகச் சொல்கிறேன். என் நஷ்டம் உங்கள் லாபம்.

பழம். அன்னாசியைப் பறித்த பிறகு அது மேற்கொண்டு இனிப்பாவதில்லை. மாம்பழம் மாதிரி அரிசிப் பானையில் போட்டு வைத்துக் காத்திருந்தால் அழுகத்தான் செய்யும். ஆகவே வாங்கும்போதே அடிப்பக்கத்தை மோந்து பாருங்கள். வாசனை வந்தால் எடுக்கலாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். நான் வாங்கியது கேரளத்து வாழக்குளம் பழம், 2009-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஜாதி. ஒன்றரைக் கிலோப் பழத்தில் அரை லிட்டர் சாறு வந்தது. தோலைச் சீவி, கண்களை நோண்டி, நடுத்தண்டை எடுத்துவிட்டு, மிக்ஸியில் அடித்து வடிகட்ட வேண்டும். ஒத்திகையில் டீ வடிகட்டியை உபயோகித்தேன். சாறில் காலை ஆறு மணி வாசனை வந்தது. மெல்லிய வேட்டித் துணியே உத்தமம். (புது வேட்டி.)

வெளிநாட்டுச் செய்முறைகளில் விஸ்கி சவருக்கு முட்டை வெள்ளைக் கருவைச் சேர்க்கச் சொல்வார்கள், மேலே நுரை நிற்பதற்காக. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டைக்கான குழிகளில் எலுமிச்சம்பழம்தான் உட்கார்ந்திருக்கும். கவலையில்லை. அன்னாசிச் சாறைக் குலுக்கினால் தானாகவே நுரைக்கும். இந்த ஒரு குணத்துக்காகவே அன்னாசிக்குச் சிலை வைக்கலாம்.

பாகு. சர்க்கரையை அப்படியே போட்டால் குளிர்ந்த சாறில் கரையாமல் அடியில் மணலாக நிற்கும். அதனால் பாகு. நம்ம ஊரில் பாகு என்றால் அதிரசம்தான் ஞாபகத்துக்கு வரும். நான் கம்பிப் பதம் வரை காய்ச்சிவிட்டேன். ஐஸ் மேல் ஊற்றியதும் இழுபட்டுக் கெட்டியாகி, கிளாஸின் அடியில் கமர்கட் மாதிரி ஒட்டிக்கொண்டது. ஸ்பூனே வெளியே வரவில்லை. சரியான முறை: ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர். சூடாக்கி, கரைந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். பதமும் வேண்டாம், பாட்டியும் வேண்டாம். ரெண்டு கிராம்பும் விரல் நீளப் பட்டையும் போட்டு ஆறவிட்டால், 1806-ல் கேட்ட கசப்புச் சாறு விலாசத்துக்கு நம் பதில் ஆயிற்று.

அளவு. இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நம் பாஷையில் 180 மில்லி ஒரு குவார்ட்டர், அதை ரெண்டாகப் பிரித்தால் கட்டிங், 60 என்றால் லார்ஜ், 30 என்றால் ஸ்மால். இதெல்லாம் வாய்க்கணக்கு. கிளாஸில் ஊற்றும்போது கை தாராளமாகிவிடும். எனக்கு ஒரு அற்புத அளவுகோல் கிடைத்தது: குழந்தையின் இருமல் டானிக் மூடி! 2.5, 5, 10 என்று கோடு போட்டு எவ்வளவு ஒழுங்கு! சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவித்தான் எடுத்தேன். திருப்பி வைக்கும்போது ஆறு தரம்.

குலுக்கல். ஷேக்கர் என்று ஒரு சாமான் உண்டு. விலையைப் பார்த்துவிட்டு, மூடி இறுகும் ஊறுகாய் ஜாடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நாலு தரம் கழுவியும் அது ஆவக்காயை மறக்கவில்லை. உலகத்திலேயே பெருங்காய மணத்தோடு வந்த முதல் விஸ்கி காக்டெயில் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். அகல வாய் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் போதும். ஐஸோடு பத்துப் பதினைந்து வினாடி குலுக்கினால் பாட்டிலின் வெளிப்பக்கம் பனி பூக்கும். அதுதான் பதம். குலுக்குவது சும்மா ஸ்டைலுக்கு என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. குளிர வேண்டும், ஐஸ் கொஞ்சம் கரைந்து காட்டத்தைக் குறைக்க வேண்டும், காற்றுப் புகுந்து நுரை வர வேண்டும். மூன்று வேலை.

ஒரு எச்சரிக்கை: சோடா சேர்ப்பதானால் குலுக்கிய பிறகு சேருங்கள். நான் சேர்த்துவிட்டுக் குலுக்கினேன். மூடி சீலிங் ஃபேனை விசாரித்துவிட்டு வந்தது. காலண்டரில் இருந்த முருகனுக்கு அன்னாசி அபிஷேகம்.

ஐஸ். எங்கள் ஃப்ரிட்ஜில் தினமும் மல்லிகைப் பூ இருக்கும். ஐஸ் கட்டியும் மல்லிகையாக மணத்தது. புதுத் தண்ணீரில், மூடி போட்ட டப்பாவில் உறைய வையுங்கள்.

இப்போது ஃபார்முலா. ஒரு கிளாஸுக்கு: விஸ்கி 45 மில்லி, அன்னாசிச் சாறு 60, எலுமிச்சைச் சாறு 15, பாகு 10, ஒரு சிட்டிகை உப்பு. இதைக் காக்டெயில் என்று பார்க்காதீர்கள், பேலன்ஸ் ஷீட் என்று பாருங்கள். ஒரு பக்கம் புளிப்பு, ஒரு பக்கம் இனிப்பு. ரெண்டும் டேலி ஆக வேண்டும். பழம் நல்ல இனிப்பு என்றால் பாகைக் குறையுங்கள். புளிப்பு என்றால் கூட்டுங்கள். நாக்குதான் ஆடிட்டர்.

விஸ்கி எது? நம் நாட்டில் சாதாரண விலையில் விற்கும் விஸ்கியில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை கரும்பு ஆலையின் மொலாஸஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட். ஐரோப்பாவில் தானியத்திலிருந்து வடித்தால்தான் விஸ்கி என்று லேபிள் ஒட்ட முடியும். நம்முடையதற்குத் தொண்டையில் ஒரு அரம் உண்டு. அன்னாசியும் எலுமிச்சையும் அந்த அரத்தை மழுக்கிவிடும். சிங்கப்பூர் வாங்கி வந்த சிங்கிள் மால்ட்டை இதில் ஊற்றப் போனேன். ஆடிட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டான். நியாயம்தான். பட்டுப் புடவையில் யாராவது மிளகாய் காய வைப்பார்களா?

அந்த அரம் மழுங்குகிறதே, சங்கடமும் அதில்தான். 42.8 சதவிகித விஸ்கியில் 45 மில்லி என்றால் சுமார் 15 கிராம் ஆல்கஹால். 10 கிராமை ஒரு கணக்கு என்று வைத்தால் ஒன்றரைக் கணக்கு. ஈரல் ஒரு கணக்கைத் தீர்க்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அவசரப்படுத்த முடியாது. மோர், காபி, குளியல் எதற்கும் அது மசியாது. ரெண்டு கிளாஸ் என்றால் மூன்று மணி நேரம். சோடாவில் கலந்ததை மெள்ள மெள்ளக் குடிக்கிற ஆசாமி, இதைப் பழரசம் மாதிரி இருக்கிறதே என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு அடுத்ததுக்குக் கை நீட்டுவான். வண்டியில் போனால் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் குற்றம். 2019-ல் திருத்திய சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை உள்ளே, அல்லது ரெண்டும். 2023-ல் உலக சுகாதார நிறுவனம், ஆபத்தில்லாத அளவு என்று எதுவுமே இல்லை என்றே சொல்லிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டுதான் செய்தேன். தெரியாது என்று சொன்னால் பொய்.

அன்றைய நிகழ்ச்சிக்கு எட்டு கிளாஸ் கணக்கிட்டேன். நாலு பேர், ஆளுக்கு ரெண்டு, அதோடு சரி. 375 மில்லி 'ஆஃப்' வாங்கினால் 360 செலவு. மீதி 15 சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

ஐந்து பேரில் நாலு பேர் ஏன் என்று கேட்பீர்கள். ரெப் நிறுத்திவிட்டான். பதினாலு மாசம். எப்படி நிறுத்தினான், ஏன் நிறுத்தினான் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. 'உடம்பு சரியில்ல போலிருக்கு' என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதோடு சரி. வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன் செய்ததும், "வரேன்டா" என்றான்.

அவனுக்காக ரெண்டாவது ஜாடி. அதே சாறு, அதே எலுமிச்சை, அதே பாகு. விஸ்கிக்குப் பதில் இஞ்சித் தண்ணீர். மிஞ்சினால் மறுநாள் குழந்தைக்கு. ரெண்டும் ஒரே மாதிரி கண்ணாடி ஜாடி, கல்யாணத்தில் ஜோடியாக வந்த பரிசு. ரெண்டிலும் ஒரே மஞ்சள். ஃப்ரிட்ஜில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

கிளம்பும்போது மனைவி திறந்து பார்த்தாள்.

"என்னங்க, எது எது?"

"இடது பக்கம் ஜூஸ். வலது பக்கம் நம்மது."

"ஒண்ணுக்கு ரப்பர் பேண்டைப் போட்டு வைங்க. மாமா வந்திருந்தப்போ உப்பில்லாத சாம்பாருக்கு அப்படித்தான் போட்டேன். காலையில பாப்பா ஜூஸுன்னு எடுத்துக் குடிச்சுட்டா என்ன பண்றது?"

"டெபிட் இடது, கிரெடிட் வலது. காலேஜ்ல மூணு வருஷம் அதைத்தானே படிச்சேன். எனக்கா மறக்கும்?"

அவள் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு பாங்க், ஆடிட்டர், சிங்கப்பூர் மூவரும் ஆட்டோவில் வந்தார்கள். முதல் ரவுண்டு பிரமாதம். நுரை நின்றது, பெருங்காயம் இல்லை, முருகனும் பத்திரம். சிங்கப்பூர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவால்லடா" என்றான். அவன் அகராதியில் அது பத்மஸ்ரீ. பேச்சு மேன்ஷனுக்குப் போய்விட்டது. மூட்டைப்பூச்சி, தண்ணீர் லாரி, மாசக் கடைசியில் ஒரு பரோட்டாவை நாலாகப் பிய்த்த ராத்திரி.

எட்டு மணிக்கு ரெப் வந்தான். இளைத்திருந்தான், முகம் தெளிவாக இருந்தது. எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டு வரவேற்றோம். அப்போது நான் அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெயை விட்டு வர முடியவில்லை. ரெண்டு ஜாடிகளும் ஃப்ரிட்ஜிலிருந்து இறங்கிச் சாப்பாட்டு மேஜைக்கு வந்திருந்தன.

"டேய், அவனுக்கு இடது பக்க ஜாடியில இருந்து ஊத்திக் கொடு!" என்று அங்கிருந்தே கத்தினேன்.

பாங்க் ஊற்றிக் கொடுத்தான். ரெப் வாங்கிக்கொண்டு, "ஒரு போன் பேசிட்டு வரேன்" என்று பால்கனிக்குப் போனான்.

பத்து நிமிஷம் கழித்து ரெண்டாவது ரவுண்டு. வலது பக்க ஜாடியை எடுத்து ஒவ்வொரு கிளாஸாகக் குலுக்கி ஊற்றினேன். மூன்று கிளாஸ் வந்தது. நாலாவதுக்கு ஜாடியில் ஒன்றும் இல்லை. எட்டு கிளாஸ் கணக்கு ஏழில் முடிகிறது. அளந்து ஊற்றியவன் நான். டானிக் மூடியில் பிசகே கிடையாது. பக்கத்து ஜாடியைப் பார்த்தேன். கழுத்து வரை நிறைந்திருந்தது. நான் மேலே மிதக்கவிட்ட புதினா இலை அப்படியே அசையாமல் மிதந்தது.

"டேய், ரெப்புக்கு எதுலேர்ந்து ஊத்தினே?"

"நீ சொன்ன இடது பக்கந்தான்."

"நீ எங்க நின்னே?"

அவன் மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்று காட்டினான். எனக்கு எதிரே. அவனுடைய இடது என்னுடைய வலது.

மூன்று வருஷம் காலேஜில் படித்தது டெபிட் இடது, கிரெடிட் வலது. எதிரே நின்று பார்ப்பவனுக்கு என்ன ஆகும் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

பால்கனிக்கு எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. ரெப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போன் மடியில் இருந்தது, யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. கிளாஸை ரெண்டு கையாலும் பிடித்திருந்தான். கிளாஸ் நிறைய இருந்தது.

"மச்சான், அது... ஜாடி மாறிப்போச்சுடா. குடிச்சுட்டியா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"கையில வாங்கும்போதே தெரிஞ்சிடுச்சு. அந்த வாசனை எனக்குத் தெரியாதா? பதினாலு மாசமா தினம் அதைத்தான் நினைச்சுக்கிட்டுப் படுக்கறேன்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"சொல்லணும்னுதான் நினைச்சேன். கீழ வைக்கவும் முடியல, குடிக்கவும் முடியல. யாராவது வந்து வாங்கிக்கிட்டா நல்லாருக்கும்னு உட்கார்ந்திருக்கேன்."

வாங்கிக்கொண்டேன். அவன் விரல்கள் கிளாஸை விட ஒரு வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டன. நேரே வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அப்பளம் கருகற வாசனை வருது பாரு" என்றான். கருகியேவிட்டிருந்தது.

அதன் பிறகு யாருக்கும் குடிக்க மனசு வரவில்லை. ரெண்டாவது ரவுண்டு மேஜையிலேயே நுரை இறங்கிக் கிடந்தது. பாங்க் நாலு தரம் மன்னிப்புக் கேட்டான். ஐந்தாவது தரம் ரெப், "விடுடா, உன் பாங்க்ல கணக்கு வச்சிருந்தா இன்னும் என்னென்ன மாறியிருக்குமோ" என்றதும்தான் எல்லோரும் சிரித்தோம்.

ஒன்பது மணிக்கு ரெப் கிளம்பினான். பழவந்தாங்கல் ஸ்டேஷன் வரை நடந்தே கொண்டுவிட்டேன். நான் ஒரு கிளாஸ் குடித்திருந்தேன், வண்டியை எடுக்கிற பேச்சே இல்லை. வழியெல்லாம் அவன்தான் பேசினான். டாக்டர்களிடம் ஈரல் மாத்திரைக்கு விளக்கம் சொல்கிற வேலை அவனுக்கு. ஒருநாள் அதே மாத்திரையை டாக்டர் அவனுக்கே எழுதிக் கொடுத்தாராம். கை நடுக்கத்தில் சாம்பிள் ஸ்ட்ரிப்பைப் பிரிக்க முடியாமல் நின்றபோது, பெண் குழந்தை வாங்கிப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. முதல் வகுப்புப் படிக்கிற குழந்தை. அன்றைக்கு நிறுத்தியவன்தான்.

"அப்ப ஏன்டா இன்னிக்கு வந்தே? வரலேன்னு சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"வரலேன்னா உங்க நாலு பேரையும் எங்கடா பார்க்கறது?"

எனக்குப் பதில் வரவில்லை. ஸ்டேஷன் படிக்கட்டு வரை மனசுக்குள் பழைய லெட்ஜரைப் புரட்டினேன். பன்னிரண்டு வருஷம். பிறந்த நாள், பதவி உயர்வு, கல்யாணத்துக்கு முதல் நாள், கல்யாணத்துக்கு மறுநாள், மாட்ச் ஜெயித்த நாள், தோற்ற நாள். ஐந்து பேரும் பாட்டில் இல்லாமல் கூடி உட்கார்ந்த என்ட்ரி ஒன்றுகூட இல்லை. அவன் விட்டது ஒரு பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு எங்களையும் விட வேண்டியிருந்திருக்கிறது, பாவம். அந்த நஷ்டத்தை எங்களில் யாரும் எழுதி வைக்கவில்லை.

தாம்பரம் வண்டி வந்தது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியே, "அடுத்த தடவை டிபனுக்குக் கூப்பிடுடா. காலையில" என்றான்.

மனைவி மறுநாள் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் மறைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது உண்மை. கேட்டுவிட்டுத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அலமாரியில் பால் பாக்கெட் ரப்பர் பேண்டுகள் போட்டு வைக்கும் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். பச்சைக் கலர். மிஞ்சிய ஜூஸ் ஜாடியை மூன்று தரம் மோந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் குடித்தும் பார்த்துவிட்டுத்தான் குழந்தைக்குக் கொடுத்தாள். பாத்திரம் நான் கழுவினேன்.

ஆகவே, செய்முறையில் விட்டுப்போன கடைசிக் குறிப்புகள். ஒன்று: குடிக்காதவருக்கானதை முதலில் செய்யுங்கள். வேறு கலர், வேறு பாத்திரம், எவர்சில்வர் டம்ளரானாலும் பரவாயில்லை. இரண்டு: அதை நீங்களே உங்கள் கையால் கொடுங்கள். அப்பளம் காத்திருக்கும். மூன்று: நிறுத்தியவர் ஒருவர் வருகிறார் என்றால், அன்றைக்கு மேஜையில் ஒரே ஒரு ஜாடி போதும். அவர் ஜாடி. அன்னாசி, எலுமிச்சை, பாகு, இஞ்சித் தண்ணீர், சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கினால் அதுவும் நுரைக்கிறது. சத்தியமாக நன்றாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. சிங்கப்பூர் ஊருக்குப் போய்விட்டதால் நாலே பேர்தான். தாம்பரத்தில் ஒரு மெஸ். நானும் பாங்க்கும் ஆடிட்டரும் தூங்கி வழிந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது ரெப் குளித்து, விபூதி பூசி, முதல் ஆளாக இடம் பிடித்து வைத்திருந்தான். பொங்கல், வடை, அப்புறம் ஒரு ரவா தோசை. அரட்டை பத்து மணி வரை போயிற்று. மேன்ஷன் கதைகளில் பாதி, நாங்கள் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த மாதிரி நடக்கவேயில்லை என்று தெரிந்தது. நடந்தபோது நிதானமாக இருந்தவன் அவன் ஒருவன்தானாம். அப்போதெல்லாம் அவன் குடிக்க ஆரம்பித்திருக்கவில்லை. ஆரம்பித்து வைத்தது யார் என்று கேட்டேன்.

சாம்பாரை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு, "நீங்கதான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சொன்னான்.

பில்லை நாங்கள் மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம்.